அம்மன் மாலையும் பதினெட்டாம் ஃப்ரேமும்

1. ரிப்போர்ட்டுக்குக் கிடைத்த பாராட்டு

"மேடம், உங்க ரிப்போர்ட் பிரமாதம். அத வச்சு ஒரு சைடருக்கு மெமோவே குடுத்துட்டோம்."

நான் வேலையில் இருந்த காலத்தில் இப்படி ஒரு பாராட்டை வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொன்னவர் குருசாமி, ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லின் ஸ்பின்னிங் மாஸ்டர். அவர் போன் வந்தபோது நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கையில் இருந்த காயைக் கூடையிலேயே போட்டுவிட்டேன்.

"எதுக்கு சார் மெமோ? நான் காத்தப் பத்தித்தானே எழுதியிருந்தேன்?"

"அதேதான் மேடம். காத்துல ஒரு குறையும் இல்லன்னு நீங்களே எழுதிட்டீங்க. மிஷினு புதுசு. பஞ்சு நல்ல பஞ்சு. பொறவு என்ன மிச்சம்? ஆளுதான மிச்சம். நா எம்புட்டு நாளா சொல்லிட்டு இருந்தேன், ஒருத்தரும் நம்பல. நீங்க கலர்ல படம் போட்டுக் குடுத்தீங்க, எம்.டி. பாத்த ஒடனே கையெழுத்துப் போட்டுட்டாரு."

இதைப் படிக்கும் இளைய எஞ்சினியர்களுக்கு என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மில்களுக்குக் குளிர்ந்த ஈரக்காற்று கொடுக்கும் பிளான்ட் போடுகிற கம்பெனியில் இருந்தேன். அதற்கு ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட் என்று பெயர், ஆனால் மில்லில் அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஷிஃப்ட் முடிந்துவிடும் என்பதால் எல்லோரும் ஏ.சி. பிளான்ட் என்பார்கள். காற்று காய்ந்தால் நூல் அறும். ஈரம் கூடினால் பஞ்சு ரோலரில் சுற்றிக்கொள்ளும். ஷெட்டுக்குள் காற்று எங்கே எப்படிப் போகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் படம் காட்டுவது என் பங்கு. இதற்கு சிமுலேஷன் என்று பெயர். படத்தில் சிவப்பு தெரிந்தால் முதலாளி முகம் மாறும். நீலம் தெரிந்தால் டீ வரும். பல வருடம் நான் குடித்ததெல்லாம் நீல நிற டீதான்.

அந்த மில்லில் நடந்தது இது. ரிங் ஃப்ரேம் என்பது ஷெட் நீளத்துக்கு நிற்கிற மிஷின். அதில் வரிசையாக நூல்கள் முறுக்கேறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு நூல் அறுந்தால் ஓடிப்போய் ஒட்டிவிடுகிறவர்தான் சைடர். பெரும்பாலும் பெண்கள். பதினேழாம் ஃப்ரேமுக்கும் பதினெட்டாம் ஃப்ரேமுக்கும் நடுவில் உள்ள சந்தில் மட்டும், பகல் ஷிஃப்டில் மட்டும், நூல் தாறுமாறாக அறுந்தது. மற்ற ஷிஃப்டுகளில் அதே மிஷின் ஒழுங்காக ஓடியது. பகல் ஷிஃப்டில் அந்தச் சந்தைப் பார்த்தவர் கூமாப்பட்டிக்காரர் பேச்சியம்மா. ஆகவே தப்பு பேச்சியம்மா மேல் என்று குருசாமி முடிவு கட்டிவிட்டார். அந்த முடிவுக்கு நான் நீல நிறத்தில் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் மில்லுக்குப் போனேன். கேன்டீனில் பேச்சியம்மா எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"நீங்கதான் காத்து மேடமா?"

"ஆமா."

"காத்துல ஒண்ணுமே இல்லன்னு எழுதுனதும் நீங்கதான?"

"ஆமா."

"நல்லா எழுதுனீக. இந்தத் தீவாளிக்குப் பொறவு பெர்மனென்ட் லிஸ்ட் போடுதாங்க. அதுல எம்பேரு இருந்துச்சு. மெமோ கெடந்தா பேரு வராது. எங்க ஊர்ல இருந்து பஸ் ஏறி வார பிள்ளையள்ல நா ஒருத்திதான் இந்தத் தடவ பெர்மனென்ட் ஆகப்போறேன்னு எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன். எங்க மாமியாகிட்டகூடச் சொல்லிட்டேன் மேடம். அதான் பெரிய வெனை."

விசாரணை வைப்பார்களா என்று கேட்டேன். வைப்பார்கள், எம்.டி. முன்னால் வைப்பார்கள் என்றார். எனக்கு டீ வந்தது. அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

2. காற்றை எப்படி ஏமாற்றுகிறோம்

பள்ளிக்கூட இயற்பியல் புத்தகத்தில் சுழற்சி ஓட்டம் என்று ஒரு பத்தி இருக்கும். வாத்தியார்கள் அதைத் தொட்டும் தொடாமலும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உலகத்தின் பெரிய மூளைகளும் அந்த இடத்தில் அப்படித்தான் கடந்து போயிருக்கின்றன.

விஷயம் இதுதான். மேலே குழாயிலிருந்து ஷெட்டுக்குள் காற்றை ஊதினால் அது நேராகப் போகாது, சுழலும். பெரிய சுழல் ஒன்று மினி பஸ் அளவுக்கு இருக்கும். அது உடைந்து குடம் அளவில் பல சுழல்கள் வரும். அவை உடைந்து எலுமிச்சை அளவில் வரும். அப்புறம் கடுகு அளவு. அதற்கும் கீழே போனால் காற்றின் பிசுபிசுப்பு பிடித்து நிறுத்திவிடும், மிச்ச வேகம் சூடாகிக் கரைந்துவிடும். பெரியது சின்னதுக்குக் கொடுக்கிறது, சின்னது இன்னும் சின்னதுக்குக் கொடுக்கிறது, கடைசியில் இருப்பவனுக்குத் தேய்மானம்தான் மிச்சம். எந்த ஆபீஸிலும் நடப்பதுதான்.

இதைக் கணக்காகப் போட, ஷெட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்ட வேண்டும். அதற்கு மெஷ் என்று பெயர். கடுகுச் சுழலையும் பிடிக்க வேண்டுமென்றால் கட்டம் கடுகைவிடச் சின்னதாக வேண்டும். அப்படி வெட்டினால் வருகிற கட்டங்களைக் கணக்குப் போட எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு என் பேரன் கல்யாணம் வரை நேரம் பிடிக்கும். எனக்கு இன்னும் பேரனே பிறக்கவில்லை.

ஆகவே ஏமாற்றுகிறோம். சுழல்களை ஒவ்வொன்றாகப் பார்க்காமல், எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சராசரி எடுத்துவிடுகிறோம். "இந்த இடத்தில் காற்று சராசரியாக இவ்வளவு வேகம், கொந்தளிப்பு தோராயமாக இவ்வளவு" என்று இரண்டு சமன்பாட்டில் முடித்துவிடுவோம். தொழிலில் இதை கே-எப்ஸிலான் மாடல் என்பார்கள். உலகத்தில் பாதி ஃபேக்டரி இந்த மாடலில்தான் மூச்சு விடுகிறது. மோசமான மாடல் இல்லை. வேகமாக முடியும், படமும் அழகாக வரும்.

ஒரே ஒரு ஓட்டை உண்டு. ஒரு காற்று இடது பக்கம் ஒரு தள்ளு தள்ளுகிறது, அடுத்த நொடி வலது பக்கம் அதே அளவு தள்ளுகிறது என்று வையுங்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் பூஜ்யம். காற்றே இல்லை. படத்தில் நீலம். இரண்டு பக்கமும் அடி வாங்குகிற நூலிடம் போய் "உனக்குச் சராசரியாக ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்ல வேண்டியதுதான். அது அதற்குள் அறுந்திருக்கும்.

இந்த ஓட்டை எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சந்தில் காற்றை இப்படி இரண்டு பக்கமும் ஆட்டிவைக்க என்ன இருக்கிறது? டிராயிங்கில் ஒன்றும் இல்லை. தூண், அதற்கு மேலே காற்று இறங்கும் டிஃப்யூஸர், அவ்வளவுதான்.

3. கும்பிட்டேன், வரையவில்லை

கேன்டீனிலிருந்து நேராக ஷெட்டுக்குள் போனேன். பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் இருக்கும் தூணுக்குப் பக்கத்தில் போனதும் வழக்கம்போல செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அந்தத் தூணில் அம்மன் இருக்கிறாள். ஒரு ஆயுத பூஜைக்கு எம்.டி.யின் அம்மா கொண்டுவந்து வைத்த மண்டபம். தேக்கு மரத்தில், மேலே தட்டையான கூரையோடு, கிட்டத்தட்ட ஒரு பீரோ அளவு. உள்ளே கண்ணாடி போட்ட பெரிய அம்மன் படம். மில்லுக்குள் நெருப்பு ஆகாது என்பதால் விளக்கு, சூடம், சாம்பிராணி எதுவும் கிடையாது. அம்மனுக்கு எல்லாமே சீரியல் பல்புதான். மண்டபத்தின் முகப்பில் தினமும் ஒரு பெரிய கதம்ப மாலை தொங்கும்.

அந்த மாலை தானாக ஆடும். மில்லில் எல்லோருக்கும் தெரிந்த அற்புதம் அது. பகலில், குறிப்பாக வெயில் ஏற ஏற, மாலை இடமும் வலமுமாக மெதுவாக ஆடும். அம்மன் தலையாட்டுகிறாள் என்பார்கள். பெரியம்மா என்று எல்லோரும் கூப்பிடும் எம்.டி.யின் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் வந்து அந்த மாலை ஆடுவதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டில் சாப்பிடுவார். புதிதாக மிஷின் வாங்கலாமா என்று எம்.டி.கூட அந்த மாலையிடம் கேட்பதாகப் பேச்சு. இடமும் வலமும் ஆடினால் அது சம்மதமா மறுப்பா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அன்றைக்கும் நான் கைகூப்பி நின்றேன். பேச்சியம்மாவைக் காப்பாற்று என்று வேண்டிக்கொள்ளத்தான் நின்றேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் கோபத்தில் இருந்ததால் கண்ணை மூடவில்லை. மாலை இடது பக்கம் போனது. வலது பக்கம் வந்தது. இடது. வலது. தாளம் தப்பாமல் ஆடியது.

தலையை நிமிர்த்தினேன். மண்டபத்தின் தட்டைக் கூரைக்கு நேர் மேலே எங்கள் கம்பெனி டிஃப்யூஸர். வெயில் நேரத்தில் பிளான்ட் முழு வேகத்தில் ஓடும். டிஃப்யூஸரிலிருந்து இறங்குகிற காற்று கூரையில் மோதி, ஒரு தடவை இந்தப் பக்கம் சுழன்று விழுகிறது, மறு தடவை அந்தப் பக்கம் சுழன்று விழுகிறது. இந்தப் பக்கம் பதினேழாம் ஃப்ரேம். அந்தப் பக்கம் பதினெட்டு. சாயங்காலம் ஆனால் பிளான்ட் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். அம்மனும் தலையாட்டுவதைக் குறைத்துக்கொள்வாள். நூலும் அறாது.

இந்த ஷெட்டை நான் ஒவ்வொரு தூணாக அளந்திருக்கிறேன். தூணில் இருந்த தீயணைப்புச் சிலிண்டரைக்கூட மெஷ்ஷில் வைத்திருந்தேன். பீரோ அளவு இருக்கிற மண்டபத்தை மட்டும் வைக்கவில்லை. மில்லின் டிராயிங்கில் அது கிடையாது, ஏனென்றால் அதை வரைந்த சிவில் ஆளும் அங்கே செருப்பைக் கழற்றிக் கும்பிட்டிருப்பார். கும்பிடுகிற பொருளை எவரும் காற்றுக்குத் தடங்கல் என்று வரைய மாட்டார்கள். இப்படி ஒரு தப்பை ஜெர்மன்காரன் செய்யவே மாட்டான். அவனுக்குக் கும்பிடத் தெரியாது.

4. அம்மனைக் காணவில்லை

மண்டபத்தை வைத்துப் பழைய மாடலிலேயே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். நினைத்தபடியே, படம் நீலம். சராசரி பூஜ்யம். குருசாமி பார்த்தால் இன்னொரு மெமோ கொடுப்பார்.

இனிச் சராசரி எடுக்காத முறைதான் வழி. பெரிய சுழல்களை நொடிக்கு நொடி அப்படியே கணக்குப் போட்டு, கடுகுச் சுழல்களுக்கு மட்டும் தோராயம் சொல்லும் முறை. எல்.இ.எஸ். என்பார்கள். அதற்கு ஆபீஸ் கம்ப்யூட்டர் போதாது. கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் என் சிநேகிதி ஜெயாவிடம் போனேன். அவளிடம் கம்ப்யூட்டர்கள் இருந்தன, செமஸ்டர் லீவும் இருந்தது. எடுத்ததும் திட்டினாள்.

"ஏட்டி, சராசரிய வச்சு ஒருத்திக்கு மெமோ குடுக்க விட்டிருக்கியே, நீயெல்லாம் படிச்சவதானா?"

"நா விடலட்டி. அவங்களாக் குடுத்துட்டாங்க."

"கலர் படம் போட்டது நீதான? ஒக்காரு."

இந்த மென்பொருளில் ஒவ்வொரு பரப்புக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். சுவர், தூண், ஃப்ரேம் என்று வரிசையாக வைத்துக்கொண்டு வந்தவள் மண்டபத்தில் நின்றாள். "இதுக்கு என்ன பேரு வைக்க? பெட்டின்னு வச்சா பாவம் பிடிக்கும்" என்று சொல்லி அம்மன் என்றே வைத்தாள். முதல் தடவை ஓட்டியதும் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. திரையில் சிவப்பு எழுத்தில், அம்மன் என்ற பரப்பைக் காணவில்லை என்று வந்தது. ஜெயா சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை புரொபசர் எட்டிப் பார்த்தார். எழுத்துப் பிழையைத் திருத்தி ஓட்டிய பிறகு, "அம்மன் பரப்பில் கட்டம் போதவில்லை" என்று குறை சொன்னது. கட்டம் சேர்த்தோம். அதற்குப் பிறகு ஓடியது.

லீவு முடிவதற்குள் வீடியோ வந்தது. காற்று டிஃப்யூஸரிலிருந்து இறங்கி, கூரையில் மோதி, இந்தப் பக்கம் ஒரு சுழலை உருட்டிவிட்டது. அது பதினேழாம் ஃப்ரேமின் நூல்கள் மேல் போய் விழுந்தது. அடுத்து அந்தப் பக்கம். பதினெட்டு. மறுபடி இந்தப் பக்கம். மில்லில் நான் பார்த்த மாலையின் அதே தாளம். நான் ஜெயாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். முப்பது வருடமாகச் சமன்பாடுகளோடு குடும்பம் நடத்தியவளுக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவை உண்மை பேசுவதைப் பார்த்த மாதிரி இருந்தது. அழுகை வந்தது. ஜெயாவுக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டேன்.

5. மாலை நிற்கக் கூடாது

தீர்வு சுலபம் என்று நினைத்தேன். மண்டபத்தை இரண்டு தூண் தள்ளி, டிஃப்யூஸர் இல்லாத இடத்தில் வைத்தால் போதும். குருசாமியிடம் சொன்னேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், ஆள மாத்தச் சொல்லுங்க, மாத்துதேன். மிஷின மாத்தச் சொல்லுங்க, எம்.டி.கிட்டப் பேசுதேன். சாமிய மாத்தணும்னு நீங்க சொல்லிட்டீங்கன்னு வெளிய தெரிஞ்சா நீங்க ஊர் போய்ச் சேர மாட்டீங்க."

"அப்ப டிஃப்யூஸர மூடிருவோமா?"

"மூடுனா மாலை ஆடாதுல்லா?"

"ஆடாது."

"அப்ப பெரியம்மா வெள்ளிக்கெழம சாப்பிட மாட்டாங்க. அவுங்க சாப்பிடலன்னா எம்.டி. சாப்பிட மாட்டாரு. அவரு சாப்பிடலன்னா நா எங்க சாப்பிட?"

பேச்சியம்மா என் பக்கம் நிற்பார் என்று நம்பி அவரிடம் போனேன். விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டார். அப்புறம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மேடம், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், சாமிய நிப்பாட்டிராதீக. பேச்சியம்மா வேலைக்காக அம்மன் ஆட்டத்த நிப்பாட்டிட்டாங்கன்னு பேரு வரும். பொறவு நா அந்தப் பஸ்ல ஏற முடியுமா? கூட வார பிள்ளைய ஒருத்தியும் எங்கூடப் பேச மாட்டாளுக. பெர்மனென்ட் ஆகி என்ன செய்ய? தனியா ஒக்காந்து சோறு திங்கவா?"

இதை நான் யோசிக்கவே இல்லை. நூல் அறக் கூடாது. மாலையும் நிற்கக் கூடாது. இரண்டையும் ஆட்டுவது ஒரே காற்று. ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்புகிற பஸ்ஸில் உட்கார்ந்து எல்லோரையும் மனதுக்குள் திட்டினேன். அம்மனையும் விடவில்லை.

மடவார் வளாகத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான் புத்தி வந்தது. பெரிய சுழலை நிறுத்த வேண்டாம், உடைத்தால் போதும். குடம் அளவுச் சுழல்தான் நூல் வரைக்கும் உருண்டு போய் அடிக்கிறது. அதையே எலுமிச்சைக்கும் கீழாக நொறுக்கிவிட்டால், அரை முழம் போவதற்குள் காற்றின் பிசுபிசுப்பிலேயே கரைந்துவிடும். நூல் வரைக்கும் போகாது. ஆனால் மாலை மண்டபத்தின் முகப்பிலேயே தொங்குகிறது. கரைவதற்கு முன்பே அந்தப் பொடிச் சுழல்கள் அதைத் தொட்டுவிடும்.

ஜெயா கணக்குப் போட்டுச் சரி என்றாள். டிஃப்யூஸருக்குக் கீழே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு தகட்டுக்கூடு, அதற்கும் கீழே பொடி ஓட்டை போட்ட ஒரு தகடு. எங்கள் கம்பெனி வொர்க்‌ஷாப்பில் அடித்தோம். வார விடுமுறை அன்று ஷெட்டில் மாட்டினோம். பெரியம்மாவிடம், அம்மனுக்கு மேலே புது விதானம் போடுகிறோம் என்று குருசாமி சொல்லிவைத்திருந்தார். சொன்னது பொய் இல்லை. பித்தளை நிறத்தில் பெயின்ட்கூட அடித்திருந்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெரியம்மா வந்தார். நானும் இருந்தேன். பிளான்ட் முழு வேகத்தில் ஓடியது. மாலை ஆடவில்லை. குருசாமி முகத்தில் ரத்தம் இல்லை. பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்த்தார். மாலையில் ஒவ்வொரு இதழும் தனித்தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"அம்மவாருக்குச் சிலிர்க்குது" என்றார், வீட்டுத் தெலுங்கு கலந்த தமிழில். கண் கலங்கிவிட்டது. "இத்தனி நாளு சும்மா தலையாட்டுனா. இப்பத்தான் மனசு நெறஞ்சு சிலிர்க்குறா."

நான் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பொய்யில் காப்பாற்றிய வேலை நிலைக்காது என்று தோன்றியது.

"பெரியம்மா, அது மேல இருந்து வர்ற காத்துதான். முன்னாடி ஆடுனதும் காத்துதான்."

"அவுனா? அப்படியா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தக் காத்து யாரு குடுக்கறது?"

"எங்க கம்பெனி பிளான்ட்தாம்மா."

"ஒங்க கம்பெனிக்கு எங்க மில்லு ஆர்டரு யாரு குடுத்தது?"

எம்.டி. குடுத்தார் என்றேன். எம்.டி.யை யார் குடுத்தது என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அம்மனைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க நான் இன்னும் முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

நூல் அறுவது மற்ற ஃப்ரேம்களின் அளவுக்கு இறங்கியது.

6. விசாரணை

காரியம் முடிந்தது என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மெமோ என்பது ஒரு தடவை டைப் அடித்துவிட்டால் தானாகவே நடக்க ஆரம்பித்துவிடும். குறித்த நாளில் எம்.டி. அறையில் விசாரணை வைத்தார்கள். எம்.டி., குருசாமி, பேச்சியம்மா, வீடியோவோடு நான்.

குருசாமி எழுந்து சொன்ன வாதத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"சார், மெமோ குடுத்த பொறவு நூலு அறுறது கொறஞ்சிருச்சு. அதுலயே தெரியுதுல்லா? பயம் வந்ததும் ஒழுங்கா வேல பாத்திருக்கு. முன்னாடி பாக்கல. இதுக்கு மெமோவக் கேன்சல் பண்ணுனா நாளைக்கு ஒருத்தரும் பயப்பட மாட்டாங்க."

இவரோடு சேர்ந்துதான் அந்தத் தகட்டை மாட்டினோம். ஏணியைப் பிடித்ததே இவர்தான். நான் வீடியோவைப் போட்டேன். தகடு மாட்டும் முன்னால் சுழல் எப்படி உருண்டது, மாட்டிய பிறகு எப்படி நொறுங்கியது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டேன். பழைய ரிப்போர்ட்டின் நீலப் படத்தையும் போட்டு, அது ஏன் எதையும் காட்டவில்லை என்று சொன்னேன். எம்.டி. தாடையைத் தடவிக்கொண்டே பார்த்தார். ரெண்டு பேர் சொல்லுவதும் சரியாகத்தான் இருக்கு என்றார். முதலாளிகள் இப்படிச் சொன்னால் ஏழைக்கு ஆகாத தீர்ப்புதான் வரும் என்று எனக்குத் தெரியும்.

அதுவரை சுவரோரம் நின்றிருந்த பேச்சியம்மா திரைக்குப் பக்கத்தில் வந்தார். குனிந்து பார்த்தார்.

"மேடம், இது பதினெட்டாவது ஃப்ரேமு."

"ஆமா."

"இது தூணு. இது அம்மன் மண்டபம்."

"ஆமா."

"இது சிலிண்டரு. தூணுல தொங்குற சிலிண்டரக்கூடப் போட்டிருக்கீக." விரலைச் சந்தின் மேல் வைத்தார். "இதுல நா எங்க நிக்கேன்?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அப்புறம் புரிந்தது. இல்லை என்றேன். ஆட்களை மாடலில் வைப்பதில்லை, ஷெட்டும் மிஷினும் மட்டும்தான் என்றேன்.

"பழைய ரிப்போர்ட்டுலயும் நா இல்லையா?"

"இல்ல."

அவர் எம்.டி. பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை.

"சார், நா அதுல இல்லவே இல்லங்காங்க. பொறவு எனக்கு எப்பிடி சார் அத வச்சு மெமோ குடுத்தீங்க?"

எம்.டி. அவர் விரல் வைத்த இடத்தைத் திரையில் பார்த்தார். பிறகு ஃபைலைத் தன் பக்கம் இழுத்து, மெமோவை உருவி நாலாகக் கிழித்தார். தீபாவளிக்குப் பிறகு வந்த பெர்மனென்ட் லிஸ்டில் பேச்சியம்மா பேர் இருந்தது.

பிள்ளைகளே, ஜியோமெட்ரி வரைய உட்காரும்போது உங்கள் சீனியர்கள் ஒரு பாடம் சொல்லித் தருவார்கள். காற்றுக்கு முக்கியமில்லாத சின்னப் பொருள்களை முதலில் நீக்கிவிடு, மெஷ் சுத்தமாக வரும் என்பார்கள். நானும் பல பேருக்கு அதையே சொல்லித் தந்திருக்கிறேன். இப்போது மாற்றிச் சொல்கிறேன். அந்த இடத்தில் நின்று வேலை பார்க்கிற ஆள் எங்கே நிற்கிறார் என்று போய்ப் பாருங்கள். அவரை முதலில் வரையுங்கள். சுவரும் மிஷினும் பிறகு வரட்டும்.

அன்றைக்கு அந்த அறையிலிருந்து வெளியே வரும்போது பேச்சியம்மா என்னிடம் நன்றி சொல்லவில்லை. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நன்றி சொல்லியிருந்தால் எனக்குத்தான் வெட்கமாக இருந்திருக்கும்.